வழுக்கையாற்றங்கரையில் ஒரு நாள் நடை

இங்கிலாந்தில் குடியேறிவிட்ட என் தங்கை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படம் அனுப்புவாள். ஒரு சிற்றாறு, அதன் ஓரமாக ஒற்றையடிப் பாதை, பின்னால் ஆடுகள் மேயும் பச்சைக் குன்று, ஓடு வேய்ந்த நாலைந்து வீடுகள். நடுவில் என் தங்கை, தலையில் முக்காடும் காலில் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்துமாக நிற்பாள். அவள் இருக்கும் ஊரில் நம் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை இப்படி நடக்கப் போகிறார்களாம். சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு!

ஒரு நாள் படத்தோடு ஒரு வரியும் எழுதியிருந்தாள். "ராத்தா, நம் யாழ்ப்பாணத்திலும் இப்படி நடக்க ஓர் ஆறு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!"

"ஏன் இல்லை? வாப்பாவின் ஆறு இருக்கிறதே" என்று பதில் எழுதினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது: அந்த ஆற்றை நானே ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்கு இது வியப்பாக இருக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று எதுவும் கிடையாது. மலையும் கிடையாது. ஆனால் பெயர்களுக்குக் குறைவில்லை. தொண்டைமானாறு என்றோர் ஊர் உண்டு; அங்கே இருப்பது கடல்நீரேரி. கீரிமலை என்றோர் ஊர் உண்டு. அங்கே மலை எங்கே என்று கேட்டால் ஊர்க்காரர் சிரிப்பார்கள். உண்மையில் ஆறு என்று சொல்லத்தக்கது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரி மழையில் ஓடி, கோடையில் காய்ந்து கிடக்கும். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை வழியாகத் தென்மேற்கே இறங்கி, அராலியில் கடல்நீரேரியில் கலக்கிறது. மொத்த நீளமே சுமார் 15 கிலோமீற்றர்தான்.

என் வாப்பா புடைவை வியாபாரி. கடை வைத்த வியாபாரியல்ல, சைக்கிள் வியாபாரி. சோனகத் தெருவில் சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால், கரியரில் கட்டிய துணி மூட்டையோடு சண்டிலிப்பாய், சங்கானை என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றி மஃரிபுக்குத்தான் வீடு திரும்புவார். மழைக்காலத்தில் சில நாள் பாதியில் வந்துவிடுவார். "ஆறு பெருகிவிட்டது, வரம்பெல்லாம் தண்ணீர்" என்பார். கோடையில் கேட்டால், "வழுக்கைத் தலையில் தண்ணீர் நிற்குமா மகள்? அதுபோலத்தான் இந்த ஆறும்" என்று தம் தலையையே தடவிக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பெண் பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் அப்போது இல்லை. ஆறு எங்களுக்குக் கதையாகவே இருந்தது.

பிறகு 1990 வந்தது. அக்டோபர் 30ஆம் தேதி ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருவில் வந்து, எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும் என்றது. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த மாதத்தில் வடபுலம் முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எங்களைப் போல் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஒதுங்கினோம். வாப்பாவின் கடன் கொப்பி வீட்டிலேயே கிடந்துவிட்டது. அதில் யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று எழுதியிருந்தது. அவர் மௌத்தாகும் வரை அந்தக் கொப்பியைத் தேடவுமில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை. ஆற்றைப் பற்றி மட்டும் பேசுவார்.

போரெல்லாம் முடிந்து, நம் மக்களில் ஒரு பகுதியினர் மட்டும் சோனகத் தெருவுக்குத் திரும்பினார்கள். என் தம்பி அவர்களில் ஒருவன். தையல் கடை வைத்திருக்கிறான். சென்ற தை மாதம் அவன் வீட்டில் தங்கப் போனபோது, புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த என் மருமகளும் உடன் வந்தாள். "மாமி, உங்களுடைய ஆற்றைப் பார்க்கலாமா?" என்று தொடங்கியவள் அவள்தான்.

முதலில் கீரிமலைக்குப் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர். ஆற்றைப் பார்ப்பதற்கு அங்கே ஏன் போகவேண்டும் என்று மருமகள் கேட்டாள். காரணம் இருக்கிறது. குடாநாட்டின் வடக்குக் கரை மேடானது. மேடென்றால் ஐம்பது அடிக்குள்தான். நம் ஊர்த் தென்னை மரம் அதைவிட உயரமாக இருக்கும்! ஆனால் சுண்ணக்கல்லாலான அந்தச் சிறு மேட்டிலிருந்து நிலம் தெற்கே சரிகிறது. அதனால்தான் பக்கத்திலேயே வடகடல் இருந்தும் மழைநீர் அந்தப் பக்கம் போகாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு நெடுந்தூரம் தெற்கே நடந்து அராலிக்குப் போகிறது. மலையல்லாத மலைதான் ஆறல்லாத ஆற்றைப் பெற்றிருக்கிறது.

கீரிமலையில் கடலுக்கு ஒரு கை தூரத்தில் நன்னீர் ஊற்று. ஆண்களுக்குத் தனிக் கேணி, பெண்களுக்குச் சுவர் வைத்து மறைத்த தனிக் கேணி. நாங்கள் குளிக்கவில்லை, கால் நனைத்தோம். அந்தப் பக்கத்து ஊர்கள் பல 1990க்குப் பிறகு நெடுங்காலம் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. 2009க்குப் பிறகே கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்டன. வழியில் கூரையில்லாத வீடுகளுக்குள் மரங்கள் வளர்ந்து நின்றன. எங்கள் சோனகத் தெருவிலும் அதே காட்சிதான். மருமகள் ஒன்றும் பேசாமல் வந்தாள்.

நடை தொடங்கியது கந்தரோடையில்.

யாழ்ப்பாண நகரிலிருந்து சுன்னாகம் 10 கிலோமீற்றர். பஸ் அடிக்கடி உண்டு. அங்கிருந்து ஓட்டோவில் சிறிது தூரம். பனை மரங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு வெளி. அதில் கவிழ்த்து வைத்த பானைகள் போல் சுண்ணக்கல் தூபிகள், ஐம்பது அறுபது இருக்கும். சில இடுப்பளவு, சில ஆள் உயரத்துக்கும் மேல். பழைய காலத்துப் பௌத்த சின்னங்கள் இவை. 1917ஆம் ஆண்டு போல் பீரிஸ் என்ற அறிஞர் இங்கே ஆராய்ந்தபோது முத்திரை குத்திய பழங்காசுகளும் ரோம நாட்டு நாணயங்களும் கிடைத்தன. 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து அகழ்ந்திருக்கிறார்கள். இந்த மண் யாருடையது என்று இன்றும் இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் எனக்கு வேண்டாம். ரோமக் காசு இங்கே எப்படி வந்தது? யாரோ ஒரு வியாபாரி மூட்டை சுமந்து வந்திருக்கிறான். எனக்கு வாப்பாவின் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது.

அருகே கந்தரோடைக் குளம். மாரி முடிந்த நேரமாதலால் நிறைந்திருந்தது. வெள்ளைக் கொக்குகள் வரம்பில் வரிசையாக நிற்க, நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து வெயிலில் காயப் போட்டிருந்தது, நம் வீட்டுக் கொடியில் துணி காயப் போடுவதுபோல. குளத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால், அதோ ஆறு!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏமாற்றமாக இருந்தது. காவிரியையும் தாமிரபரணியையும் பார்த்த நீங்கள் இதை வாய்க்கால் என்றே சொல்வீர்கள். சில இடத்தில் நாலு எட்டில் தாண்டிவிடலாம். "இதற்கா மாமி இவ்வளவு தூரம்?" என்று மருமகளின் முகம் கேட்டது. ஆனால் கரையோடு நடக்க நடக்க அது வேறாகத் தெரிந்தது. இரு பக்கமும் கதிர் முற்றத் தொடங்கிய நெல் வயல், பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவிலான நிறம். வயலுக்கு அப்பால் பனை வரிசை. தண்ணீர் ஓடுகிற சத்தமே இல்லை. புல் சாய்வதைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும். காற்றில் ஈர மண் வாசம். மருமகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். (போகிறவர்கள் கவனிக்க: வரம்பு வழுக்கும். உயரச் செருப்பு வேண்டவே வேண்டாம். கரையில் தேநீர்க் கடையோ கழிப்பறையோ கிடையாது. தண்ணீர்ப் போத்தல் கையோடு இருக்கட்டும்.)

தங்கையின் ஊரில் நடைபாதைக்குச் சட்டம் உண்டு. நிலம் ஒரு பண்ணையாருடையதாக இருக்கலாம். அதன் ஊடாகப் போகும் பாதை ஊர் முழுவதற்கும் சொந்தம். வேலி இருக்கிற இடத்தில் ஆள் மட்டும் நுழையச் சிறு மரக் கதவு வைத்திருப்பார்கள். ஆடு மாடு வெளியே போகாது. இது சும்மா கிடைக்கவில்லை. 1932இல் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். 1949இல் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் பதிந்து காக்கும் சட்டம் வந்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிப் பதிவான பாதைகள் ஏறத்தாழ 1,40,000 மைல். நடப்பதற்காகச் சிறைக்குப் போயிருக்கிறார்கள்! இதைத் தங்கை எழுதியபோது நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நமக்குச் சட்டம் இல்லை, வழக்கம் இருக்கிறது. வயல் வரம்பில் யார் நடந்தாலும் யாரும் தடுப்பதில்லை. எதிரே வந்த கமக்காரர் ஒருவர் நாங்கள் கடக்கட்டும் என்று தாமே சேற்றில் இறங்கி நின்றார். "கவனமாப் போங்கோ பிள்ளையள், அங்காலை கொஞ்சம் இடிஞ்சு கிடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மனம் வருந்திய காட்சியும் உண்டு. றோட்டுப் பாலம் வருகிற இடத்திலெல்லாம் பொலித்தீன் பைகள், பிளாஸ்டிக் போத்தல்கள், பழைய மெத்தை கூட ஒன்று. யாழ்ப்பாணத்து மக்கள் குடிப்பது கிணற்று நீர். மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது, பால் மேல் ஆடை போல. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். ஆறும் குளங்களும் மழைநீரைத் தடுத்து நிறுத்தி நிலத்துக்குள் இறக்கும் வடிகள். அந்த வடியில் குப்பையைக் கொட்டினால் குடிப்பது யார்? 2014, 2015இல் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது என்று எழுந்த பதற்றத்தை அந்த ஊர்ப் பெண்கள் இன்னும் மறக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் அவர்கள்தானே.

சண்டிலிப்பாயை நெருங்கும்போது லுஹர் நேரம் வந்துவிட்டது. எங்கே தொழுவது என்று நின்றபோது, கிளுவை வேலிக்குள்ளிருந்து ஓர் ஆச்சி எட்டிப் பார்த்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

"ஆர் பிள்ளையள்? எங்கையிருந்து வாறியள்?"

சொன்னோம். உள்ளே அழைத்து, கிணற்றடியைக் காட்டினார். நாங்கள் ஒளுச் செய்து வருவதற்குள் திண்ணையைக் கூட்டி, பெட்டிக்குள்ளிருந்து புதுப் பாய் எடுத்து விரித்து வைத்திருந்தார். தொழுது முடியும் வரை வாசலில் நின்று, குரைத்த நாயை அதட்டிக்கொண்டிருந்தார். பிறகு தேநீர் வந்தது, பனங்கட்டியோடு.

"எங்கள் வாப்பா இந்தப் பக்கம் புடைவை கொண்டுவருவார் ஆச்சி, சைக்கிளில்" என்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆச்சியின் முகம் மலர்ந்தது. "புடைவைக்கார நானாவோ! ஓமோம், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் வருவார். மெலிஞ்ச ஆள். வாய் நிறைய வெத்திலை. என்ரை மூத்தவளுக்குப் பாவாடைச் சீத்தை அவரிட்டைத்தான் எடுத்தனான்."

என் வாப்பா வெற்றிலை போட்டதே இல்லை. மெலிந்தவரும் அல்ல. ஆச்சி சொன்னது வேறு யாரையோ. அந்தக் கணத்தில் ஆம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஓர் ஆசை வந்தது. சொல்லவில்லை. "அது வேறு நானா ஆச்சி" என்றேன்.

"அப்பிடியோ" என்று சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்களை அனுப்பினது எங்களுக்குப் பிறகுதான் தெரியும் பிள்ளை. ரெண்டு மூண்டு நாள் நானாவைக் காணேல்லை எண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்" என்றார்.

அவரும் ஒரு நடையின் கதையைச் சொன்னார். 1995இல் போர் நெருங்கி, வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் வெளியேறிய நடை. மழை. இருட்டு. இலட்சக்கணக்கான சனம் ஒரே றோட்டில். "நாவற்குழிப் பாலம் கடக்க விடிஞ்சுபோச்சு. இவருக்கு நடக்க ஏலாது, சைக்கிளிலை இருத்தி உருட்டிக்கொண்டு போனனான். அடுத்த வருசம்தான் வீடு பாத்தது." அது எந்த நாள் தெரியுமா சகோதரிகளே? அக்டோபர் 30. எங்களை வெளியேற்றிய அதே தேதி, ஐந்தாண்டு கழித்து. நான் அதைச் சொன்னதும் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தபடி இருந்தோம்.

புறப்படும்போது பின் வளவுக்குப் போய், பனங்கிழங்கு ஒரு கட்டு கொண்டுவந்தார். அன்று காலை கிண்டியது, மண் காயவில்லை. பணம் கொடுக்கப் போனேன். "வேண்டாம் பிள்ளை. அந்த நானாவுக்குச் சீத்தைக்காசு மிச்சம் குடுக்கக் கிடக்கு. ஆரெண்டாலும் உங்கடை ஆள்தானே, கொண்டு போங்கோ" என்றார்.

அங்கிருந்து அராலி வரை நடக்கக் கால் இடம் தரவில்லை. தம்பி ஓட்டோவோடு வந்து சேர்ந்தான். வட்டுக்கோட்டையைத் தாண்டி, அராலியில் ஆறு முடிகிற இடத்துக்குப் போனோம். அங்கே குறுக்கே தடுப்பணை கட்டிக் கதவுகள் வைத்திருக்கிறார்கள். உப்பு நீர் உள்ளே ஏறாமலும், நல்ல தண்ணீர் வீணே ஓடிவிடாமலும் காப்பதற்கு. ஒரு பக்கம் ஆற்றின் பச்சை நீர், மறு பக்கம் கடல்நீரேரியின் சாம்பல் நிறம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மருமகள் என்னை அந்த அணையின் மேல் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். சேற்றுக் கால், இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பு, கையில் கிழங்குக் கட்டு! அதைத் தங்கைக்கு அனுப்பினோம். "இது எந்த ஊர் ராத்தா?" என்று கேட்டு எழுதினாள். "நம் ஊர்" என்று பதில் போட்டேன். சற்று நேரத்தில் போன் வந்தது. எடுத்தால் அழுகைச் சத்தம்தான்.

கிழங்கு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அது எங்களுக்குரிய கடனல்லவே! இன்னொருவருக்குச் சேரவேண்டியது. அன்றிரவே தம்பி தெருவிலுள்ள பெரியவர்களிடம் விசாரித்தான். சண்டிலிப்பாய்ப் பக்கம் போன புடைவை வியாபாரிகள் நாலு பேர்; அவர்களில் வெற்றிலை போடுகிறவர் ஒருவர்தான். எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். பேரன் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறான்.

புத்தளம் திரும்பிய மறுநாள் கட்டைப் பிரிக்காமலே கொண்டுபோய்க் கடையில் வைத்து, கதையைச் சொன்னேன். பேரனுக்கு முப்பது வயதிருக்கும். கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பாவுக்கு வரவேண்டிய காசா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு கட்டைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினான். அவனுடைய மனைவி உள்ளேயிருந்து வந்து, "மாமி, இதை எப்படிச் சமைக்கிறது?" என்றாள்.

தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவிக்கவேண்டும். ஆறியபின் இரண்டாகப் பிளந்து நடுவிலுள்ள தும்பை எடுத்துவிட்டு, நாரைக் கிழித்துத் தேங்காய்ச் சொட்டோடு தின்னவேண்டும். மிளகும் உள்ளியும் சேர்த்து இடித்தால் இன்னும் நல்லது என்றேன். அவள் கடைக் கணக்குக் கொப்பியை எடுத்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.